சீர்த்தட்டில் வந்த நான்கு ப்ளக்குகள்

தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்களே, நமக்கெல்லாம் முட்டி வலிக்கத் தொடங்கிவிட்டது. கைப்பேசிக் குழுவில் காலையில் வணக்கப் படம் போடுகிறீர்கள், மாலையில் சர்க்கரைக்கு வெந்தயம் நல்லது என்கிறீர்கள். போன வாரம் உங்களில் ஒருத்தி கேட்டாள்: "உங்க அண்ணன் காடிய நீ தொட்டுத்தானே கெடுத்தே? அந்தக் கதையச் சொல்லுலா, சிரிச்சு ரொம்ப நாளாச்சு." சரி, சொல்கிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

அது ஒரு வருடக் கடைசி விடுமுறை. தோட்டத்தில் நாம் குடியிருந்த லயத்தை இடித்து, எங்களை ஜெராம் பக்கம் வரிசை வீடுகளில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். சுற்றிலும் செம்பனைதான். மழை விட்டதும் சாலையோரம் குவித்த பழக்குலைகள் புளித்து நாறும். காற்று திரும்பினால் சுங்கை செம்பிலாங்கில் காயும் கருவாடு நாறும். இந்த இரண்டு நாற்றத்துக்கும் நடுவே எங்கள் வீட்டுக் கொல்லையில் மட்டும் பெட்ரோல் மணக்கும். அங்கே பொண்டோக் என்று நாம் சொல்லும் ஒரு தகரக் கொட்டகையில் அந்தக் காடி, அண்ணனின் கார், நின்றது.

வெளியே பார்த்தால் பெயின்ட் உரிந்த உள்ளூர் கார். கிள்ளானுக்குப் போகிற பஸ்கூட அதை முந்திவிட்டுக் கையாட்டும். உள்ளே இருந்ததோ ஜப்பான் டர்போ எஞ்சின். அங்கே ஓடிக் கழித்த கார்களை முன்பாதியாக அறுத்து, எஞ்சினோடு கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து விற்பார்களே, 'ஹாஃப் கட்' என்போம். அப்படி வந்த ஒன்றை அண்ணன் வாங்கி, ஒரு வருடம் போராடி, இந்தக் காருக்குள் இறக்கிவிட்டான். அவனுக்கு வயது இருபது. பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. செம்பனை எண்ணெய் மில்லில் அப்பாவோடு ஷிப்டுக்குப் போகவும் மனமில்லை. கையில் திறமை இருந்தது, எடுத்த வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவும் அவசரமும் இருந்தது.

எனக்குப் பதின்மூன்று. அண்ணனுக்கு ஆங்கிலம் வராது, எனக்கு எதையும் அரைகுறையாக விட வராது. கோலசிலாங்கூர் டவுனில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் இன்டர்நெட் கடை இருந்தது. விளையாட வரும் பையன்களுக்கு நடுவே உட்கார்ந்து, உலகத்தில் கார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்தேன். டர்போ எஞ்சினுக்கு ஸ்பார்க் ப்ளக் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அங்கேதான் படித்தேன். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் ஒப்பித்தேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அப்ப ப்ளக்கு உன் டிப்பார்ட்மென்ட்."

எனக்கு அதற்கு முன்பும் பின்பும் யாரும் அப்படி ஒரு பதவி கொடுத்ததில்லை.

உங்களுக்கும் புரிய வேண்டும், ஆகையால் கொஞ்சம் விளக்குகிறேன். ப்ளக்கின் நுனியில் தீப்பொறி தாவுவதற்கு ஒரு சின்ன இடைவெளி உண்டு. சாதாரணக் காருக்கு அது அகலமாக இருக்கலாம். டர்போ என்பதோ எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற கருவி. அந்த அழுத்தத்தில் அகலமான இடைவெளியில் பொறி நிற்காது, காற்றடிக்கிற கோயிலில் ஏற்றிய கற்பூரம் மாதிரி அணைந்துவிடும். ஆகையால் நெருக்க வேண்டும். விசிறி போல விரியும் எஃகுத் தகடுகள் கொண்ட ஒரு கருவி, ஃபீலர் கேஜ். புள்ளி ஆறு மில்லிமீட்டர் தகடு உள்ளே போக வேண்டும், புள்ளி ஏழு போகக் கூடாது. போகும்போதும் சும்மா வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. எண்ணெய் வைத்த தலையில் சீப்பு இழுக்கும்போது கையில் தெரியுமே ஒரு பிடிப்பு, அந்தப் பிடிப்பு வேண்டும். அண்ணன் செய்தால் வளைத்து உடைத்துவிடுவான். என் விரல் மெலிசு. பலகையில் மெல்லத் தட்டித் தட்டி நெருக்குவேன்.

இன்னொன்று சூடு. ப்ளக்கில் சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ளுவது ஒரு வகை, நுனியிலேயே தேக்கி வைப்பது இன்னொரு வகை. முதலாவதைக் குளிர்ந்த ப்ளக் என்பார்கள், இரண்டாவதைச் சூட்டு ப்ளக். டர்போவுக்குக் குளிர்ந்ததுதான் வேண்டும். சூட்டு ப்ளக் போட்டால் நுனி தணலாகி, பொறி வருவதற்கு முன்பே அதுவே பெட்ரோலைப் பற்றவைத்து, பிஸ்டனைப் பொத்தலாக்கிவிடும். எது எவ்வளவு குளிர்ச்சி என்று ப்ளக்கின் மேலேயே ஓர் எண் இருக்கும். நாங்கள் போட்டது ஜப்பான் ப்ளக், எட்டாம் எண். எண் ஏற ஏறக் குளிர்ச்சி.

"எட்டா? சனியோட நம்பராச்சேடி!" என்றார் மாமா.

இந்த மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, எனக்குத் தாய்மாமன். கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். அங்கே ஜெர்மன் யந்திரங்களைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வேறு எந்த நாட்டு இரும்பையும் அவர் மதிப்பதில்லை. நல்ல மனிதர், அதை இப்போதும் சொல்வேன். வரும்போதெல்லாம் எனக்கு மாங்காய் ஊறுகாய் வாங்கி வருவார். ஆனால் கேட்காத யோசனையையும் கூடவே கொண்டுவருவார்.

ஒருநாள் நான் ப்ளக்கைக் கழற்றி வைத்திருந்தபோது எட்டிப் பார்த்தார். நுனியெல்லாம் கரி. குளிர்ந்த ப்ளக் அப்படித்தான் இருக்கும். செம்மண் சாலையில் மெதுவாக ஓட்டினால் கரி படியும், விரட்டி ஓட்டினால் தானாக எரிந்து போய்விடும்.

"என்னா பாப்பா இது, அடுப்புல விழுந்த விரல் மாதிரி? எஞ்சின் செத்துக்கிட்டிருக்குடா மாப்பிள்ள!"

"இல்ல மாமா, அது அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

"நீ சும்மா இரு. கரி பிடிச்சா அடைப்பு. எங்க துறைமுகத்துல ஜெர்மன் எஞ்சின்ல ப்ளக்க கழட்டுனா விபூதி மாதிரி வெள்ளையா இருக்கும், தெரியுமா?"

ப்ளக்கின் நுனி விபூதிபோல வெளுத்திருந்தால் எஞ்சின் சூட்டில் சாகிறது என்று பொருள். நம் ஆட்களுக்கோ வெள்ளை என்றால் சுத்தம், கறுப்பு என்றால் கேடு. எதில்தான் அப்படி இல்லை?

அந்தச் சமயத்தில்தான் கிள்ளானிலிருந்து சேதி வந்தது. அங்கே டர்போ கார்களைச் சீர்செய்யும் பெரிய பட்டறை ஒன்று இருந்தது. அதன் முதலாளி ஒரு சீனர், எல்லாரும் தவுக்கே என்போம். அண்ணன் தனியாகவே எஞ்சின் மாற்றினான் என்று கேள்விப்பட்டு வரச்சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காரை டைனோவில் ஏற்றுவதாகப் பேச்சு. காரைக் கட்டிப்போட்டு, உருளைகள்மேல் சக்கரத்தை முழு வேகத்தில் சுற்றவிட்டு, எஞ்சினின் பலத்தை அளப்பது அது. எஞ்சின் தாங்கினால் திங்கட்கிழமையே அண்ணன் அந்தப் பட்டறையில் வேலைக்குச் சேரலாம்.

அண்ணன் அன்று சாப்பிடவே இல்லை. கொல்லையில் அங்கும் இங்கும் நடந்தான். "நடந்துடுச்சின்னா நான் இந்தப் பழக்குலை நாத்தத்துலேருந்து தப்பிச்சிடுவேன், பாப்பா," என்றான். ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு புது செட் ப்ளக்கை நான் புள்ளி ஆறுக்கு வைத்து, துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் தயாராக வைத்தேன்.

மறுநாள் நான் வயசுக்கு வந்துவிட்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி. தனித் தட்டு, தனிப் பாய். பின்னறை ஜன்னலோரம் ஒரு மூலை. அந்த ஜன்னல் பொண்டோக்கைப் பார்த்து இருந்தது ஒன்றுதான் ஆறுதல். பதினாறாம் நாள் சடங்கு, அதுவரை நான் எதையும் தொடக் கூடாது. ப்ளக் டிப்பார்ட்மென்டுக்கு அன்றோடு பூட்டு.

மூன்றாம் நாள், முதல் தண்ணீர் ஊற்றும் சடங்குக்கு மாமா வந்தார். வேட்டி கட்டி, பச்சை ஓலை கொண்டுவந்து, குடிசை கட்டினார். அத்தை வரிசையாகச் சீர்த்தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, சேலை, வளையல். கடைசித் தட்டில் மஞ்சள் துணி விரித்து, அதன்மேல் சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள் நான்கு. ஒவ்வொன்றிலும் ஒரு குங்குமப் பொட்டு.

"இது மாப்பிள்ளைக்கு," என்று அண்ணனைக் காட்டிக் கூட்டத்திடம் சொன்னார் மாமா. "பொண்ணுக்கு மட்டும் செஞ்சா பையன் மனசு வருத்தப்படும்ல? ஜெர்மன் ப்ளக்கு! நம்பர் எட்டுதான், நீங்க சொன்ன மாதிரியே."

எல்லாரும் கைதட்டினார்கள். "தாய்மாமன்னா இப்படி இருக்கணும்," என்றார் பக்கத்து வீட்டு அக்காள். ஈரத் தலையோடு ஓலைக்குள் உட்கார்ந்திருந்த நான் எட்டிப் பார்த்தேன். எண் எட்டு என்றதும் எனக்கு நிம்மதிதான். இடைவெளி ஒன்றுதான் உறுத்தியது. அண்ணன் பக்கத்தில் வந்தபோது மெல்லச் சொன்னேன்: "கேப் பாத்துட்டுப் போடுண்ணே. பெட்டியில வர்றது அகலமா இருக்கும்."

மாமாவுக்குக் காது கூர்மை. "பெட்டியிலயே சரியா வெச்சுத்தான் அனுப்புவான் ஜெர்மன்காரன். மாமன் போட்ட வளையல தராசுல வெச்சுப் பாப்பியா நீ? அப்புறம் மாமன் போட்ட ப்ளக்க மட்டும் கேஜு வெச்சுப் பாக்குற?"

சிரிப்பு. அண்ணனும் சிரித்தான். நான் கட்டிவைத்த பிஸ்கட் டின் பொண்டோக் பலகையில் அப்படியே இருந்தது. ஆனால் சீரில் வந்த பொருளை ஒதுக்கிவிட்டு, தங்கை டின்னில் வைத்ததை எடுத்துப் போட முடியுமா? முடியாது. நம் வீடுகளில் முடியாது. அந்தச் சாயங்காலமே மாமா முன்னால் நின்று சாமி கும்பிட, அண்ணன் நான்கையும் மாட்டினான்.

எனக்கு ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்டது. எஞ்சின் நின்ற இடத்தில் நன்றாகத்தான் உறுமியது. விரட்டும்போது மட்டும் இடையிடையே விக்கியது. அகல இடைவெளியில் பொறி அணைகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணனை ஜன்னலுக்குக் கூப்பிட்டேன்.

"விக்குதுண்ணே."

"கேட்டுச்சு."

"கழட்டி நெருக்கிப் போடு. மாமாதான் போயிட்டாரே."

"விடுலா. ஞாயித்துக்கெழம அவரும் கூட வர்றாரு. அங்க கழட்டிப் பாக்கும்போது நான் கைவெச்சது தெரிஞ்சா அவமானம்."

சனிக்கிழமை மத்தியானம் அம்மா கண்ணயர்ந்திருந்தார். நான் கேஜை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினேன். வெயிலில் தகரம் படபடத்தது. கார் பானெட்டின் மேல் கையை வைத்தேன், அவ்வளவுதான். திறக்கக்கூட இல்லை.

"ஐயோ, தீட்டோட தொட்டுட்டாளே!"

அம்மாவின் குரல் செம்பனை வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பிறகு ஒரு வாளியில் மஞ்சள் தண்ணீர் கரைத்துவந்து பானெட் முழுக்கத் தெளித்தார். உரிந்த பெயின்டில் மஞ்சள் கோடு கோடாக வழிந்து காய்ந்தது. அந்தக் கோடுகளோடுதான் ஞாயிறு காலை கார் கிளம்பியது. பின்சீட்டில் மாமா, வெள்ளை வேட்டியில், மடியில் பூசைத் தேங்காயோடு.

திரும்பி வந்தது இழுவை லோரியில்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கார் முகத்தைத் தூக்கிக்கொண்டு லோரியின் பின்னால் தொங்கி வந்தது. எஞ்சினில் பிஸ்டன் உருகிப் பொத்தல் விழுந்துவிட்டது, புகையாய்ப் புகைந்தது, தவுக்கே முடியாது என்றுவிட்டார் என்று மாமா வாசலிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் குனிந்து இழுவைச் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அம்மா வந்து என் அறை வாசலில் நின்றார். அடிக்கவில்லை. "இனிமே உன் கண்ணு அந்தப் பொண்டோக்குப் பக்கம் போவக் கூடாது," என்று மட்டும் சொன்னார்.

"அவள ஏசாதக்கா, சின்னப் புள்ள, தெரியாம தொட்டுட்டா," என்றார் மாமா. உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

பதினாறாம் நாள் சடங்கில் எனக்குப் பட்டு கட்டினார்கள். வந்தவர்கள் எல்லாம் என்னை வாழ்த்திவிட்டு, கொல்லைப்பக்கம் போய்ச் செத்த காரையும் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணன் அடுத்த மாதமே மில்லுக்குப் போனான். பிறகு லோரிக்கு. இப்போது துறைமுகத்துக்கு செம்பனை எண்ணெய் டேங்கர் ஓட்டுகிறான். கதை உங்களிடமெல்லாம் எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. தீட்டால் எஞ்சின் போகும் என்று நான் ஒருநாளும் நம்பவில்லை. ஆனால் என்னால்தான் போனது என்று நம்பினேன். உருகிய ப்ளக்குகளைப் பொண்டோக்கில் ஒருநாள் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்தேன். நுனி எரிந்த திரிபோலச் சுருண்டிருந்தது, பீங்கான் வெள்ளைவெளேர் என்று. இடைவெளி அகலமானால் விக்கும், இப்படி உருகாது. சூட்டில்தான் உருகும். மேலே பொறித்திருந்த எண் எட்டு. எட்டு என்று சொன்னது நான். அப்படியானால் என் கணக்கு தப்பு. பாலிடெக்னிக்கில் எஞ்சின் படிக்கப் போனதே அந்தத் தப்பு எங்கே என்று தேடத்தான். வகுப்பில் வாயைத் திறப்பதற்கு முன் ஒவ்வோர் எண்ணையும் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிற பழக்கம் வந்தது. நம் குழுவில் ஒருத்தி எனக்கு 'சந்தேகக்காரி' என்று பெயர் வைத்தாளே, அது அங்கிருந்து வந்ததுதான்.

படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஷா ஆலமில் ஓர் உதிரிபாகக் கடைக்குப் போனேன். "எட்டாம் நம்பர் ப்ளக்கு குடுங்க," என்றேன். கடைப் பையன் தலையைத் தூக்காமலே கேட்டான்: "ஜப்பான் எட்டாக்கா, ஜெர்மன் எட்டா? ஜெர்மன்ல நம்பர் ஏறுனா சூடு ஏறும், தல கீழ. பாத்து வாங்குங்க, நெறயப் பேரு எஞ்சின ஒடச்சுட்டு வர்றாங்க."

அப்படியானால் என் கணக்கு தப்பில்லை, மாமாவின் தட்டில் வந்ததுதான் தலைகீழ் எட்டு. ப்ளக் வாங்காமலே வெளியே வந்தேன்.

அண்ணனிடம் இதைக் கேட்க எனக்கு இன்னும் பல வருடம் ஆனது. போன மாதம்தான் கேட்டேன், போனில். அவன் லோரியை ஓரம் கட்டியிருந்தான், சிக்னல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, மாமா வாங்கியாந்தது ஜெர்மன் எட்டு. சூட்டு ப்ளக்கு. உனக்குத் தெரியுமா?"

அவன் சிக்னலை அணைத்தான்.

"தெரியும்."

"எப்பேருந்து?"

"அன்னைக்கேதான். தவுக்கே கழட்டுனதுமே கண்டுபிடிச்சுட்டான். அத என் கையில வெச்சு, இத யாரு எடுத்துக் குடுத்ததுன்னு கேட்டான்."

"நீ என்னா சொன்ன?"

"மாமா கொஞ்சம் தள்ளித்தான் நிக்கிறாரும்மா. தேங்காயக் கையில வெச்சுக்கிட்டு." மூச்சு விட்டான். "அவரக் கூப்பிட்டுக் கேட்டுட்டா அவமானம்னு, மெல்ல தங்கச்சின்னு சொல்லிட்டேன்."

"தவுக்கே?"

"சிரிச்சான். எஞ்சின் போறது பெரிய காரியமில்ல, எல்லாருக்கும் போவும்னான். ஆனா சின்னப் புள்ள குடுத்த ப்ளக்க கண்ண மூடிக்கிட்டு மாட்டுறவன் எனக்கு வேணான்னுட்டான்."

"மாமா சீர்ல வெச்சுக் குடுத்ததுன்னு சொல்லியிருந்தா?"

"புரிஞ்சிருக்கும்லா அவனுக்கு. அவனுக்கும் மாமன் மச்சான் இருப்பான்ல," என்றான் அண்ணன், யாரோ மூன்றாம் மனிதனின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதைப்போல. "வேலயும் குடுத்திருப்பான். இப்ப எதுக்குலா அதெல்லாம்? மாமா படுத்த படுக்கையா இருக்காரு. வந்து ஒரு வாட்டி பாத்துட்டுப் போ."

போனேன். கோலசிலாங்கூரில் மாமாவின் மகன் வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். பக்கத்தில் அத்தை, இரண்டு மூன்று சொந்தக்காரப் பெண்கள், அண்ணன். மாமாவுக்கு இப்போது ஆட்களை மட்டுக்கட்டத் தெரியவில்லை. பெற்ற மகனையே யார் என்று கேட்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இவதான்! இவ தொட்டுத்தான் அந்தக் காடி போச்சு!" என்று அத்தனை பல்லும் தெரியச் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களுக்கு மாமா இன்னும் எதையோ நினைவில் வைத்திருக்கிறாரே என்ற சந்தோஷம்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் ஓர் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தான். தோலை ஒரே சுருளாக எடுக்கப் பார்த்தான். நான் காத்திருந்தேன். சுளையைப் பிரித்தான், வெள்ளை நாரை எடுத்தான், ஒன்றை மாமாவின் வாயில் வைத்தான்.

"நான் தொட்டதால போவல," என்றேன். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "ப்ளக்கு தப்பு. அண்ணனுக்குத் தெரியும். கேளுங்க."

பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்கள். மாமா சுளையை மென்றுகொண்டிருந்தார். அண்ணன் கையைத் துண்டில் துடைத்தான். என்னைப் பார்க்காமல், அவர்களைப் பார்த்து, செல்லமாகச் சலித்துக்கொள்கிற குரலில் சொன்னான்:

"சின்ன வயசுலேருந்தே இவ இப்படித்தான். செஞ்சத ஒத்துக்கவே மாட்டா."